களை எடுக்க வந்த உலகம்

என் அலமாரியில் புதிதாக ஒரு ஆரஞ்சு நிற டி-ஷர்ட் சேர்ந்திருக்கிறது. முன்பக்கம் பூமி உருண்டை, அதைச் சுற்றிலும் பல நிறக் கைகள். பின்பக்கம் இங்கிலீஷில் ‘உலகம் ஒரே கூடாரம்’. சைஸ் எக்ஸ்எல். நான் போட்டுக்கொண்ட பிறகும் இன்னொரு நாட்டுக்காரர் தாராளமாக உள்ளே வரலாம்.

ஊட்டிக் குளிரில் இதை எப்படிப் போடுவது? மேலே ஸ்வெட்டர் போட்டால் உலகம் மறைந்துவிடுகிறது. உலகம் தெரிய வேண்டுமென்றால் ஜலதோஷம் பிடிக்கிறது. மடித்து வைத்துவிட்டேன்.

அது கிடைத்த கதைதான் இந்த வாரம்.

போன மாதம் ஊட்டிக்கு வெளியே ஒரு பெரிய மைதானத்தில் சர்வதேச இளைஞர் முகாம் நடந்தது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் நீலமுமாகக் கூடாரங்கள், நடுவில் ஏகப்பட்ட கொடிகள். எத்தனை நாடு என்று எண்ண ஆரம்பித்தேன். பனிமூட்டம் வந்து பாதிக் கொடிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. சரியாகத் தெரியாத எண்ணிக்கையை எழுதுவதில்லை என்பது என் பழக்கம். விட்டுவிடுகிறேன்.

என்னை அழைத்தது நீலகிரி வரலாற்றைப் பற்றி இருபது நிமிடம் பேச. வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்குத் தேதி வியாதி உண்டு. எது எப்போது வந்தது, அதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது... இதெல்லாம் தெரியாவிட்டால் சோறு இறங்காது. முகாம் கையேட்டைப் பிரித்தால் முதல் வரியே ‘காலம் உறைந்து நிற்கும் மலைகள்’. காலம் எங்கே உறைந்தது? இங்கே உறைவது தேங்காய் எண்ணெய் மட்டும்தான்.

அதைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தேன். உருளைக்கிழங்கு வந்த கதை, காப்பிக்குப் பின்னால் தேயிலை வந்த கதை, அப்புறம் வாட்டில் என்று நாம் சொல்லும் சீகை மரத்தின் கதை. ஒரு காலத்தில் அதைப் புல்வெளி எங்கும் நட்டார்கள். நல்லெண்ணத்தில்தான். இப்போது மெனக்கெட்டு வெட்டி எடுக்கிறார்கள். அதுவும் நல்லெண்ணத்தில்தான்.

நிமிர்ந்து பார்த்தால் முன்வரிசை தூங்குகிறது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இருட்டு விலகும் முன் விசில் ஊதி எழுப்பி, ஈரப் புல்லில் யோகா செய்யவைத்து, வயிறு நிறைய ரவை உப்புமாவும் கொடுத்து உட்காரவைத்தால் நானே தூங்கியிருப்பேன்.

பேச்சு முடிந்தது. ஒரு கைதட்டல் இல்லை. எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை மட்டும் ஆட்டினார்கள். போதும், இறங்கு என்கிறார்களோ என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, முகாமில் அதுதான் பாராட்டு. சத்தம் கூடாதாம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வட்டம். எந்த முடிவானாலும் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராகப் பேசி, கடைசி ஆள் வரை ஒத்துக்கொண்ட பிறகுதான் எடுக்க வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. சாப்பாட்டுக்குச் சோறா, சப்பாத்தியா என்பதற்கே ஒருநாள் வட்டம் போட்டார்களாம்.

“முடிவு வர்றதுக்குள்ள ரெண்டுமே ஆறிப்போச்சுங்க சார்” என்றாள் கவிதா.

இந்தக் கவிதாதான் முகாமில் என் பெயரைச் சொன்னவள். ஊட்டிக் கல்லூரியில் பி.ஏ. இங்கிலீஷ், கடைசி வருடம். நான் பேப்பர் படிக்கப் போகும் நூலகத்தில் ஜன்னலோர மேஜை அவளுடையது. வீடு எமரால்டு பக்கம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களில் ஒன்று. அப்பா இல்லை. அம்மா செல்வி, காய்கறித் தோட்டங்களில் நாள் கூலிக்குக் களை எடுக்கிறவர்.

முகாமில் கவிதா மொழிபெயர்ப்பாளர். உள்ளூர்க்காரர்கள் தமிழில் பேசினால் இங்கிலீஷில் சொல்ல வேண்டும், வந்தவர்கள் இங்கிலீஷில் பேசினால் தமிழில் சொல்ல வேண்டும். அதற்குமேல் அவளுக்கு ஓர் ஆசையும் இருந்தது. அடுத்த முகாம் வெளிநாட்டில். இங்கிருக்கும் மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவரை அதற்குக் கூட்டிப்போவார்கள். இதுவரை அவள் பார்த்த தூரதேசம் கோயமுத்தூர்தான்.

“எந்த நாடுன்னாலும் சரிங்க சார். மேடு மட்டும் இருக்கக் கூடாது. ஏறி ஏறி அலுத்துப்போச்சு” என்றாள். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோகூட எடுத்து வைத்திருந்தாள்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு முகாமில் ஒரே ஒரு விதி. முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள்: கேட்டதைச் சொல். கூட்டாதே, குறைக்காதே.

செவ்வாய்க்கிழமை சேவை தினம். முகாமே பல குழுக்களாகப் பிரிந்து பல ஊர்களுக்குப் போனது. ஒரு குழு பள்ளிக்கூடச் சுவருக்கு வண்ணம் அடிக்க, ஒரு குழு குப்பை பொறுக்க. கவிதா இருந்த குழு எமரால்டு பக்கம் ஒரு கேரட் தோட்டத்தில் களை எடுக்க. பஸ்ஸில் இடம் இருந்தது. போகிற வழியில் எமரால்டு அணையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்களேன் என்று என்னையும் ஏற்றிவிட்டார்கள். டி-ஷர்ட் அப்போது கொடுத்ததுதான்.

அணையைப் பற்றி நான் சொன்னபோது பஸ் முழுக்கப் பாடிக்கொண்டிருந்தது. நானும் நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு வாரமாக விடாத மழைக்குப் பிறகு அன்றுதான் வெயில் எட்டிப் பார்த்திருந்தது. தோட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரச் சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலையில் துண்டு, மேலே ஸ்வெட்டர், மடியில் டிபன் டப்பா. பஸ் நின்றது. இறங்கிய கவிதா அப்படியே நின்றுவிட்டாள். வரிசையின் கடைசியில் அவள் அம்மா.

“என்னம்மா இங்க உக்காந்திருக்க? தோட்டத்துக்குப் போகலையா?”

“போனோம். வேலை இல்லேன்னுட்டாரு. ரெண்டு வாரம் மழையில கெடந்து, இன்னைக்காச்சும் பேரு விழும்னுதான் வந்தோம்.”

‘பேர்’ என்றால் ஒரு நாள் கூலி. இலங்கைத் தோட்டத்துப் பேச்சு. அங்கே பிறக்காத செல்வியின் வாயிலும் அது தங்கிவிட்டது.

“ஏன் இல்லையாம்?”

“யாரோ வெளிநாட்டுப் புள்ளைங்க வந்து சும்மாவே எடுத்துக் குடுக்கறாங்களாம். நாங்க வேண்டாமாம்.” செல்வி மகளின் ஆரஞ்சு டி-ஷர்ட்டைப் பார்த்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும் மற்ற ஆரஞ்சு டி-ஷர்ட்டுகளைப் பார்த்தார். “ஏம் பாப்பா... அது நீங்கதானா?”

பக்கத்தில் இருந்த பாக்கியம் என்கிற பெண் சிரித்துவிட்டார். “பாத்தியா செல்வி. நீ படிக்க வெச்ச புள்ள, உன் வேலைக்கே வந்து நிக்குது.”

கவிதா டி-ஷர்ட்டின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்குள் நித்யா மேடம் விசில் ஊதிவிட்டார். குழுவை நடத்துகிறவர், சென்னைக்காரர், கெட்டவர் அல்ல. முகாம் தொடங்கியதிலிருந்து விசிலும் கையுமாக ஓடி, கத்திக் கத்தி அவருக்குக் குரல் போயிருந்தது. அடுத்த முகாமுக்கு யாரை அனுப்பலாம் என்று எழுதிக் கொடுக்கப்போகிறவரும் அவர்தான்.

தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் ரங்கசாமி. மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரர். வெள்ளை வேட்டி, மங்கி குல்லாய். மேட்டிலிருந்து பள்ளம் வரை படிப்படியாகக் கேரட் பாத்திகள். இளம் பயிர். கேரட்டை விடக் களை உயரம். மறுநாள் உரம் வைக்க வேண்டும், சாயங்காலம் திரும்ப மழை வரும் போலிருக்கிறது, அதற்குள் களை வெளியே வந்தாக வேண்டும்.

வரவேற்புரை சொல்லச் சொன்னார்கள். மைக்கை வாங்கினார். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கெங்கேயோ இருந்து வந்து நம்ம தோட்டத்துல கை வெக்கறீங்க, ரொம்ப சந்தோசமுங்க. பன்னண்டு பொம்பளைங்க செய்யற வேலைங்க இது. இன்னைக்கு அவிங்கள வேண்டாம்னு நிறுத்திட்டனுங்க. உங்க புண்ணியத்துல ஒரு நாள் கூலி மிச்சமுங்க.”

நித்யா மேடத்துக்குத் தமிழ் புரியுமே. கவிதாவின் காதருகே குனிந்தார். நான் அவர்களுக்குப் பின்னாலேயே நின்றிருந்தேன்.

“கவிதா, அந்தக் கடைசி விஷயம் வேண்டாம். ஜஸ்ட் தேங்க்ஸ் சொல்றார்னு சொல்லிடு.”

கவிதா பாலத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள். பிறகு இங்கிலீஷில் வணக்கத்தைச் சொன்னாள். சந்தோஷத்தைச் சொன்னாள். பன்னிரண்டு பெண்களைச் சொன்னாள். நிறுத்தியதைச் சொன்னாள். ஒரு நாள் கூலி மிச்சத்தையும் சொன்னாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பஸ் நேரம் சொல்வது போல.

ரங்கசாமி சிரித்தபடி கும்பிட்டார். கூட்டத்தில் பாதி ரிஃப்ளெக்ஸில் கையைத் தூக்கி விரலை ஆட்டியது. மீதிப் பாதி ஆட்டவில்லை. ஆட்டின விரல்களும் மெல்ல இறங்கின.

கென்யாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி, பெயர் ஃபெய்த், கையை உயர்த்தினாள். அவள் ஊரும் தேயிலை மலைதான் என்று பஸ்ஸில் சொல்லியிருந்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி. அந்தப் பன்னிரண்டு பேரும் இப்போது எங்கே?

கவிதாதான் கையை நீட்டிக் காட்டினாள். “அதோ, அங்கே. ஓரத்தில் உட்கார்ந்திருப்பது என் அம்மா.” அன்று முழுவதும் அவள் மைக்கில் சொந்தமாகச் சொன்னது அது ஒன்றுதான்.

“ஏன் இதுல பாலிடிக்ஸ் கொண்டு வர்ற?” என்று நித்யா மேடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நான் ஒண்ணும் கொண்டு வரல மேடம். அவர் சொன்னதைத்தான் சொன்னேன்.”

அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பிள்ளைகள் பஸ் ஏறித் திரும்பிப் போனார்களா? இல்லை, எதையும் கேட்காத மாதிரி களை எடுத்தார்களா?

இரண்டும் இல்லை. வட்டம் போட்டார்கள்.

தோட்டத்து ஓரத்தில், ஈர மண்ணில், ஐம்பது ஆரஞ்சு டி-ஷர்ட்டுகள் வட்டமாக உட்கார்ந்தன. முதலில் பேசியது ஒரு ஜெர்மன் பையன். கண்ணாடி போட்டவன், நல்லவன். நாம் இங்கே வேலை செய்வது சரியா, தவறா என்று ஆரம்பித்தான். கேள்வி நல்ல கேள்விதான். அதை அவன் முடிக்கப் பனிமூட்டம் ஒருமுறை வந்து போனது. அடுத்தவள் அவன் சொன்னதை ஒத்துக்கொண்டு, அதே நீளத்துக்குச் சொன்னாள். ஒருவன் அந்தப் பெண்களுக்கு நாம் பணம் திரட்டித் தரலாம் என்றான். அது பிச்சை போலாகாதா என்றாள் இன்னொருத்தி. ஒருத்தி அழுதாள். அவளுக்கு இரண்டு பேர் ஆறுதல் சொன்னார்கள். யாரும் யாரையும் குறுக்கிடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நான் வாழ்நாளில் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். நகராட்சிக் கூட்டம், சங்கக் கூட்டம், நூலக வாசகர் கூட்டம். அங்கெல்லாம் யாராவது ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போவார், நமக்கும் விடுதலை கிடைக்கும். இங்கே நாற்காலியே இல்லை.

ரங்கசாமி என் பக்கம் வந்து உட்கார்ந்தார். “ஏனுங்க, பிரேயர் எப்ப முடியுமுங்க?”

“பிரேயர் இல்லைங்க. நம்ம தோட்டத்துல களை எடுக்கலாமா வேண்டாமான்னு பேசறாங்க.”

“வேண்டாம்னா காலையிலயே சொல்லியிருக்கலாமுங்களே.” அவர் வானத்தைப் பார்த்தார். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. “நானா கூப்பிட்டனுங்க? அவிங்களே வந்து, சும்மா செஞ்சு தர்றோம்னாங்க. வேண்டாம்னு யாருங்க சொல்லுவா?”

நியாயம்தான். நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

மதியம் தாண்டியது. வட்டத்துக்கு பிரெட்டும் வாழைப்பழமும் வந்தன. பாலத்துப் பெண்கள் டிபனைத் திறந்தார்கள். ரங்கசாமி இன்னொரு தரம் வானத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று பாலத்துக்கு நடந்தார். நானும் போனேன். கால் மரத்துப்போயிருந்தது, நடக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது.

“வாங்க, வாங்க. ஆரம்பிச்சிரலாம்.”

ஒருவரும் எழவில்லை. பாக்கியம் சாவகாசமாகக் கை கழுவினார். “லீவுன்னு சொன்னீங்களேங்க. நாங்க லீவு போட்டாச்சு.”

“சொன்னேன். இப்பக் கூப்பிடறேன். மழை வருதும்மா.”

“வெளிநாட்டுப் புள்ளைங்க எடுக்கலீங்களா?”

“அவிங்க பேசறாங்க.”

“பேசட்டும், பேசட்டும். பாவம், எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க.”

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ரங்கசாமி சிரிக்கவில்லை. “சரி, வாங்க. பாதி நாள் போயிருச்சு. அரை நாள் கூலி போட்டுக்கலாம்.”

அப்போதுதான் செல்வி வாயைத் திறந்தார். “நாங்க காலையிலயே வந்துட்டோமுங்க. வேண்டாம்னு சொன்னது நீங்க. எந்திரிச்சுப் போகாம இங்கயே உக்காந்திருந்தோம் பாருங்க, அதனாலதான் இப்பக் கூப்பிட ஆள் இருக்கு. ஊட்டுக்குப் போயிருந்தா யாரக் கூப்பிட்டிருப்பீங்க? முழுப் பேரு போடறதுன்னா வர்றோம்.”

தூரத்தில் இடி உருண்டது. அந்த இடி அன்றைக்கு யார் பக்கம் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

“சரி, வாங்க தாயி” என்றார் ரங்கசாமி.

பன்னிரண்டு பேரும் மேல் பாத்தியில் வரிசையாகக் குந்தினார்கள். கை நகர்ந்தது தெரியவில்லை, களை மட்டும் பின்னால் குவிந்துகொண்டே வந்தது. வட்டத்தில் கவிதா தன்னுடன் இருந்த இன்னொரு மொழிபெயர்ப்பாளனிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு எழுந்தாள். நேராக அம்மாவுக்குப் பக்கத்துப் பாத்தியில் போய்க் குந்தினாள்.

“பனியன் அழுக்காயிரும் பாப்பா. போயி உன் வேலையப் பாரு.”

“இருக்கட்டும்மா.”

“அந்த மேடம் பாக்குது.”

“பாக்கட்டும்.”

மேடம் பார்த்தார். விசிலை வாயில் வைத்தார், எடுத்துவிட்டார்.

பாதித் தோட்டம் முடிந்திருந்தபோது வட்டத்தில் முடிவு வந்தது. ஏகமனதாக. முகாம் இந்தத் தோட்டத்தில் களை எடுக்கக் கூடாது, அது அந்தப் பெண்களின் வேலை. எல்லோரும் எழுந்து நின்று, தோட்டத்தைப் பார்த்து, கைகளை உயரத் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். ஐம்பது பேரின் சத்தமில்லாத பாராட்டு. சில பிள்ளைகளின் கண் கலங்கியிருந்தது. பொய்க் கலக்கம் இல்லை. பார்த்தால் தெரிகிறதே.

பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“என்னவாம்?” என்றார் பாக்கியம்.

“கிளம்பறாங்க போல. டாட்டா காட்டறாங்க” என்றார் செல்வி.

பன்னிரண்டு பேரும் மண் கையை ஆட்டி டாட்டா காட்டினார்கள். பஸ் கிளம்பியது. கவிதா ஏறவில்லை. நான் ஏறினேன். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. எமரால்டிலிருந்து மறு பஸ் எப்போது என்றும் எனக்கு நன்றாகத் தெரியும். மழை நாங்கள் ஊட்டி வந்து சேர்ந்த பிறகுதான் பிடித்தது. களை வெளியே வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தனை காலம் இந்த மலையில் எதெல்லாம் வந்தது, எப்போது வந்தது என்று குறித்துக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு ஒன்று மட்டும் புரிந்திருக்கிறது. உதவி செய்ய வருகிறவர்கள் ‘என்ன செய்யலாம்’ என்றுதான் கேட்கிறார்கள். ‘இதை நேற்றுவரை யார் செய்தார்கள்’ என்று கேட்பதில்லை. ஃபெய்த் கேட்டாள். அதுவும், மொழிபெயர்ப்பில் ஒரு வாக்கியம் விடுபடாமல் வந்து சேர்ந்ததால்.

முகாம் முடிந்தது. கூடாரம் அடித்த இடத்தில் புல் மஞ்சளாகச் சதுரம் சதுரமாக இருக்கிறது. எல்லோருக்கும் சேவைச் சான்றிதழ். எனக்கும் உண்டு. நான் செய்த சேவை என்னவென்று அதில் போடவில்லை, நல்லவேளை.

போன ஞாயிற்றுக்கிழமை ஊட்டி பஸ் ஸ்டாண்டில் கவிதாவையும் செல்வியையும் பார்த்தேன். எமரால்டு பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள்.

“வெளிநாட்டு முகாம் என்னாச்சும்மா?”

“வேற ஒருத்தரை எடுத்திருக்காங்க சார். மெயில் வந்துச்சு.” கொஞ்ச நேரம் பஸ்களைப் பார்த்தாள். “போட்டோவுல பல்லு தெரியற மாதிரி சிரிச்சிருந்தேன். பாஸ்போர்ட்டுக்கு எப்படியும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டாங்க.”

செல்வி மகளின் பையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அதே மெயிலில் ஒரு கேள்வியும் இருந்ததாம். சேவை தினத்தை அடுத்த முறை இன்னும் பயனுள்ளதாக்க உங்கள் யோசனை என்ன? இவள் அதை அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

“என்ன சொன்னீங்க?” என்று செல்வியிடம் கேட்டேன்.

“என்னத்தச் சொல்றது. நல்ல புள்ளைங்க, குத்தம் சொல்லக் கூடாது. அடுத்த தடவையும் வரட்டும். களை மட்டும் எடுக்க வேண்டாம். அன்னைக்கு மாதிரி வட்டமா உக்காந்து பேசிட்டுப் போகட்டும். பேசறதுக்கு இங்க யாரையும் கூலிக்குக் கூப்பிடறதில்ல, அதனால எங்களுக்கு ஒண்ணும் நட்டமில்லைன்னேன்.”

கவிதாவைத் திரும்பிப் பார்த்தேன். “அனுப்பிட்டியா?”

“அப்பவே அனுப்பிட்டேங்க சார்.”

“அப்படியேவா?”

“கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல.”